பவளப் பூச்சி போட்ட முதல்

இந்தியப் பெருங்கடலின் வரைபடம் ஒன்றை எடுத்து மேசைமேல் விரித்துக்கொள்ளுங்கள். கன்னியாகுமரியில் விரலை வைத்துத் தென்மேற்குத் திசையில் மெல்ல நகர்த்துங்கள். ஏறத்தாழ 600 கிலோமீட்டர் தூரம் சென்றதும், கடலின்மேல் மிளகைத் தூவிவிட்டாற்போலச் சிறு சிறு புள்ளிகள் வடக்குத் தெற்காக வரிசையாகத் தெரியும். அதுதான் மாலத்தீவு நாடு.

இந்த நாட்டில் சுமார் 1,200 தீவுகள் இருக்கின்றன. மக்கள் ஊராக வாழும் தீவுகள் 200க்கும் குறைவு. எல்லாத் தீவுகளின் நிலத்தையும் சேர்த்தால் ஏறத்தாழ 300 சதுர கிலோமீட்டர்தான் வரும். சென்னை மாநகராட்சியின் பரப்பு 426 சதுர கிலோமீட்டர் என்பதை நினைத்துப் பாருங்கள். ஆனால் இந்தச் சின்னஞ்சிறு நிலம் வடக்கிலிருந்து தெற்காக 800 கிலோமீட்டருக்கும் மேல் சிதறிக் கிடக்கிறது. இரும்பு, நிலக்கரி, பெட்ரோலியம் எதுவும் இல்லை. ஆறு இல்லை, மலை இல்லை, நெல் வயல் இல்லை. மக்கள் தொகை சுமார் 5 இலட்சம்.

இப்படிப்பட்ட நாட்டுக்கு 2024ஆம் ஆண்டில் 20 இலட்சத்துக்கும் அதிகமான உல்லாசப் பயணிகள் வந்தார்கள். குடிமகன் ஒருவனுக்கு நான்கு விருந்தாளிகள்! நாட்டின் மொத்த உற்பத்தியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு சுற்றுலாத் தொழிலிலிருந்து நேராகக் கிடைக்கிறது.

எந்தத் தொழிலுக்கும் முதல் வேண்டும் என்று பொருளாதாரப் பாடத்தில் படித்திருப்பீர்கள். மாலத்தீவின் சுற்றுலாத் தொழிலுக்கு முதல் போட்டது யார்? வங்கியா, வெளிநாட்டுப் பணக்காரர்களா, அரசா? இவர்கள் எல்லோருக்கும் முன்னால் ஒரு முதலாளி இருக்கிறார். அவருடைய உடல், பெரும்பாலும் உங்கள் சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. அவரைப் பற்றித்தான் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

உயிர் கட்டிய நிலம்

அவர் பெயர் பவளப் பூச்சி. பூச்சி என்று வழக்கத்தில் சொன்னாலும் ஆறு கால் பூச்சிகளோடு இதற்கு உறவு எதுவும் இல்லை. இது ஜெல்லி மீனின் தூரத்துச் சொந்தம். பை போன்ற உடல், மேலே ஒரு வாய், வாயைச் சுற்றி உணர்கொம்புகள், அவ்வளவுதான். கடல்நீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்புச் சத்தை எடுத்து, தான் உட்கார ஒரு கிண்ணம் கட்டிக்கொள்கிறது. கோடிக்கணக்கான பூச்சிகள் தலைமுறை தலைமுறையாக ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டிய கிண்ணங்களே பவளப்பாறை. உருண்டையாக வளரும் பவளம் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவில்தான் உயரும். கிளைவிட்டு வளரும் வகைகள் ஆண்டுக்குப் பத்து சென்டிமீட்டர்கூட வளரும்.

இந்தப் பூச்சியின் தோலுக்குள் ஒரு குடித்தனக்காரர் உண்டு. அது ஒரு நுண்பாசி. சூரிய ஒளியைக் கொண்டு உணவு தயாரித்து, அதில் பெரும்பகுதியைப் பவளத்துக்கு வாடகையாகக் கொடுத்துவிடுகிறது. பவளத்தின் அழகிய நிறங்களுக்கும் பெரும்பாலும் இந்தப் பாசியே காரணம். ஒளி எட்டாத ஆழத்தில் பாசி பிழைக்காது. ஆகவே பாறை கட்டும் பவளம் தெளிந்த, ஆழம் குறைந்த, வெப்பமான கடலில் மட்டுமே செழிக்கும்.

கடலடியில் எழுந்த எரிமலைத் தீவுகளின் விளிம்பில் பவளம் வளையமாக வளர்கிறது. காலப்போக்கில் எரிமலை மெல்லத் தாழ்ந்து நீருக்குள் மறைகிறது. பவளமோ ஒளியைத் தேடி மேலே மேலே வளர்ந்துகொண்டிருக்கிறது. முடிவில் நடுவே காயலும் சுற்றிலும் பவள வளையமும் மிஞ்சுகின்றன. சார்லஸ் டார்வின் 1842இல் இந்த விளக்கத்தைக் கூறினார். இப்படிப்பட்ட வளையத்தை உலகமெங்கும் ‘அட்டோல்’ என்கிறார்கள். அந்தச் சொல்லே மாலத்தீவின் திவேகி மொழியிலிருந்து போனதுதான்.

பிறகு மணல்? பால் போன்ற அந்த வெண்மணலைக் காணத்தானே பயணிகள் பறந்து வருகிறார்கள்? அதில் பெரும்பகுதி ஒரு மீனின் வயிற்றிலிருந்து வருகிறது. கிளியின் மூக்கைப் போன்ற வலிய வாயுடைய கிளிமீன், பாறைமேல் படர்ந்த பாசியைத் தின்னும்போது சுண்ணாம்பையும் சேர்த்துக் கடிக்கிறது. தொண்டையில் உள்ள பற்கள் அதைப் பொடியாக்குகின்றன. செரிக்காத சுண்ணாம்பு மணலாக வெளியேறுகிறது. வக்காரு என்னும் தீவைச் சுற்றி ஆராய்ந்த அறிவியலறிஞர்கள், அங்கே புதிதாக உண்டாகும் மணலில் 85 விழுக்காட்டுக்கு மேல் கிளிமீனின் வேலை என்று 2015இல் அறிவித்தார்கள்.

ஆக, நிலம் பவளம் தந்தது. மணல் பவளத்தைக் கடித்த மீன் தந்தது. பெருங்கடலின் அலையை வெளியிலேயே உடைத்து, காயலைக் கண்ணாடி போல் வைத்திருப்பதும் பவளப்பாறைதான். தொழிலின் முதல் என்று இதைச் சொல்வதில் தவறு உண்டா?

மாசியிலிருந்து உல்லாசப் பயணிக்கு

முதல் பல ஆயிரம் ஆண்டுகளாக இருந்தும் அதைக் கொண்டு வியாபாரம் செய்யலாம் என்று நீண்ட காலம் யாருக்கும் தோன்றவில்லை. மாலத்தீவு மக்கள் தூண்டிலில் சூரை மீன் பிடித்து, வேகவைத்து, புகையூட்டி, வெயிலில் கட்டை போல் உலர்த்தி விற்றார்கள். அதுதான் மாசி. இலங்கைச் சமையலில் அது இல்லாமல் சம்பல் ருசிக்காது. நம் தென்கடற்கரை ஊர்களிலும் மாசியை அறிவார்கள். நாட்டின் அந்நியச் செலாவணி பெரும்பாலும் மாசியிலிருந்து வந்தது, வாங்கியது இலங்கை. 1970களின் தொடக்கத்தில் இலங்கை தன் செலாவணி நெருக்கடியால் மாசி இறக்குமதியைச் சுருக்கிக்கொண்டது. ஒரே சரக்கு, ஒரே சந்தை என்று இருந்த நாட்டுக்கு அது பேரிடி.

1965இல் விடுதலை பெற்ற மாலத்தீவுக்கு அன்று இருந்தது ஹுலுலே தீவில் ஒரு சிறிய விமான ஓடுதளம். தலைநகர் மாலேயில் வங்கிகூட இல்லை. இந்திய ஸ்டேட் வங்கி தன் கிளையைத் திறந்தது 1974இல்தான். 1960களில் வந்து பார்த்த ஐக்கிய நாடுகள் சபைக் குழு, சுற்றுலாவுக்கு இந்தத் தீவுகள் ஏற்றவை அல்ல என்று கருதியதாக அந்நாட்டுச் சுற்றுலா வரலாறு சொல்கிறது.

1971இல் ஜார்ஜ் கார்பின் என்ற இத்தாலியப் பயண முகவர், ஆள் நடமாட்டமில்லாத தீவுகளைத் தேடிக் கொழும்புக்கு வந்தார். அங்கே மாலத்தீவுத் தூதரகத்தில் பணியாற்றிய அகமது நசீம் என்ற இளைஞரைச் சந்தித்தார். இந்த நசீம் பிற்காலத்தில் நாட்டின் வெளியுறவு அமைச்சரானவர். கார்பின் தீவுகளைப் பார்த்து மயங்கினார். 1972 பிப்ரவரியில் இத்தாலியிலிருந்து இருபதுக்கும் மேற்பட்டவர்களை அழைத்துவந்தார். விடுதி ஏது? மாலேயில் சில வீடுகளில் தங்கவைத்தார்கள். வந்தவர்களில் பலர் பத்திரிகையாளர்கள், புகைப்படக்காரர்கள். அவர்கள் எடுத்துச் சென்ற படங்களே முதல் விளம்பரம்.

அதே ஆண்டு அக்டோபர் 3ஆம் நாள், மாலேக்கு அருகில் தென்னந்தோப்பாக இருந்த விகாமனாஃபுஷி என்ற தீவில் முதல் விடுதி திறக்கப்பட்டது. முப்பதே அறைகள். பெயர் குரும்பா. திவேகியில் குரும்பா என்றால் தென்னை இளங்காய். நம் ‘குரும்பை’ நினைவுக்கு வருகிறதல்லவா? கூரை தென்னங்கீற்று. சுவர் பவளக்கல். தொழிலின் முதலையே வெட்டியெடுத்துச் சுவர் வைத்தார்கள் என்பது அன்று யாருக்கும் உறைக்கவில்லை. ஆண்டு முடிவில் பண்டோஸ் தீவின் விடுதியும் சேர்ந்து நாட்டில் 280 படுக்கைகள் இருந்தன. வந்த பயணிகள் சுமார் ஆயிரம் பேர்.

ஏன் தீவுக்கு ஒரு விடுதி?

மாலத்தீவின் சுற்றுலா அமைப்பை நான்கே சொற்களில் சொல்லிவிடலாம்: ஒரு தீவு, ஒரு விடுதி. ஊர் இல்லாத தீவு ஒன்றை அரசு குத்தகைக்கு விடும். குத்தகை எடுத்தவர் அங்கே ஒரே ஒரு விடுதி கட்டலாம். விடுதியின் எல்லையே தீவின் கரை. பக்கத்து விடுதி என்பது கடல் கடந்து அடுத்த தீவில்தான்.

இதற்கு முதற்காரணம் நிலத்தின் அளவு. பெரும்பாலான தீவுகள் அரை மணி நேரத்தில் சுற்றி வந்துவிடக்கூடியவை. இரண்டு விடுதிகளுக்கு இடமில்லை. அடுத்த காரணம் சமுதாயம் சார்ந்தது. மக்கள் இஸ்லாமியர், நாட்டில் மதுவுக்குத் தடை. பயணிகளை ஊர்த் தீவுகளுக்கு வெளியே தனியே வைத்தால் இரு தரப்புக்கும் தொந்தரவு இல்லை என்று அரசு கருதியது. 1984 வாக்கில் ஊர்த் தீவுகளில் வெளிநாட்டவர் தங்குவது நிறுத்தப்பட்டது.

வேறொரு நன்மையும் விளைந்தது. பயணி விலை கொடுத்து வாங்குவது தனிமை. ஆகவே தீவை நெருக்கமாகக் கட்டி அடைப்பது வியாபாரத்துக்கே கேடு. தொடக்க கால விதிகள் தீவின் பரப்பில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கட்டடம் கூடாது என்றன. மரங்களின் உச்சியைவிட உயரமாகவும் கட்டக்கூடாது. பின்னாளில் சில தளர்வுகள் வந்தாலும், இன்றும் பல தீவுகளைக் கடலிலிருந்து பார்த்தால் தென்னை மட்டுமே தெரியும்.

1981 நவம்பரில் ஹுலுலே விமான நிலையம் விரிவாக்கப்பட்டுப் பெரிய ஜெட் விமானங்கள் இறங்கத் தொடங்கின. ஐரோப்பாவிலிருந்து நேராக வந்துவிட முடிந்தது. அப்போதும் விடுதிகள் மாலேயைச் சுற்றிப் படகு எட்டும் தூரத்திலேயே இருந்தன. 1993இல் மிதவை விமானங்கள் வந்தபின் தொலைதூர அட்டோல்களுக்கும் வழி திறந்தது. சக்கரத்துக்குப் பதில் மிதவைகள் பொருத்திய ட்வின் ஓட்டர் விமானம் ஏறத்தாழ பதினைந்து பேரை ஏற்றிக்கொண்டு காயலின் நீரிலேயே இறங்கும். ஓடுதளம் கட்ட வேண்டியதில்லை. இந்த விமானங்கள் பகலில் மட்டுமே பறக்கும். ஆகவே இரவில் வந்திறங்கும் பயணி விடியும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

தீவுக்குள் ஒரு நகரம்

நம் ஊரில் ஒரு விடுதி கட்டினால், மின்வாரியம் மின்சாரம் தரும், நகராட்சி தண்ணீர் தந்து குப்பை அள்ளும். பவளத் தீவில் இவை எதுவும் கிடையாது. ஒவ்வொரு விடுதியும் தன் மின் நிலையம், தன் குடிநீர் ஆலை, தன் கழிவுநீர் நிலையம், தன் படகுத்துறை எல்லாவற்றையும் தானே வைத்துக்கொள்ளும் ஒரு குட்டி நகரம்.

தண்ணீரை எடுத்துக்கொள்வோம். பவளத் தீவின் மண்ணில் மழைநீர் உடனே இறங்கிவிடும். கீழே கடல்நீர் ஊறி நிற்கிறது. நல்ல நீர் அடர்த்தி குறைந்தது; கடல்நீர் அடர்த்தி மிகுந்தது. ஆகவே நல்ல நீர் கடல்நீரின்மேல் ஒரு வில்லை போல் மிதக்கிறது. அடர்த்தி வேறுபாடு நாற்பதில் ஒரு பங்கு. அதனால் தீவின் நிலத்தடி நீர்மட்டம் கடல்மட்டத்தைவிட 25 சென்டிமீட்டர் உயர்ந்திருந்தால், கணக்குப்படி கடல்மட்டத்துக்குக் கீழே 10 மீட்டர் ஆழத்துக்கு நல்ல நீர் இருக்க வேண்டும். ஆனால் ஓதமும் அலையும் கலக்கிவிடுவதால் உண்மையில் வில்லை இதைவிட மெலிதாகவே இருக்கும்.

இதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஒரு கண்ணாடித் தம்ளரில் பாதியளவு தண்ணீர் எடுத்து நான்கு கரண்டி உப்பைக் கரையுங்கள். வேறொரு தம்ளரில் நல்ல நீரில் இரண்டு சொட்டு நீல மை விடுங்கள். உப்புநீரின்மேல் ஒரு கரண்டியைக் கவிழ்த்துப் பிடித்து, அதன் முதுகின்மேல் நீல நீரை மெல்ல மெல்ல ஊற்றுங்கள். நீலம் மேலே தனி அடுக்காக நிற்கும். இப்போது ஒரு சொட்டு மருந்துக் குழாயால் மேலடுக்கிலிருந்து நீரை எடுத்துக்கொண்டே இருங்கள். நீலம் மெலியும், குழாய் சற்று ஆழத்தில் இருந்தால் உப்புநீரும் ஏறிவரும். அளவுக்கு மீறி இறைத்த தீவுக் கிணற்றின் கதை இதுவே. உப்பு ஏறிய கிணறு, நல்ல மழை பல பெய்தால்தான் மீளும்.

பயணி ஒருவருக்கு ஒரு நாளைக்குச் சில நூறு லிட்டர் தண்ணீர் வேண்டும். குடிக்க மட்டுமா? குளியல், சலவை, நீச்சல் குளம் எல்லாம் உண்டே! வில்லை தாங்காது. ஆகவே விடுதிகள் கடல்நீரையே குடிநீராக்குகின்றன. எதிர் சவ்வூடு பரவல் என்ற முறையில், உப்பைத் தடுக்கும் மெல்லிய சவ்வின் வழியே கடல்நீரை அழுத்தித் தள்ளுகிறார்கள். கடல்நீரின் சவ்வூடு பரவல் அழுத்தமே சுமார் 27 வளிமண்டல அழுத்தம். அதை வென்று நீரைப் பிழிய ஐம்பது, அறுபது வளிமண்டல அழுத்தம் கொடுக்கும் பம்பு வேண்டும். பம்பு ஓட மின்சாரம் வேண்டும். மின்சாரத்துக்குப் பெரும்பாலும் டீசல் இயந்திரம். டீசலோ கப்பலில் வர வேண்டும். கூரைகளிலும் காயலிலும் சூரிய மின்தகடுகள் பரப்பும் விடுதிகள் இப்போது பெருகிவருகின்றன. எப்படியாயினும் அங்கே ஒரு வாளித் தண்ணீர் என்பது உருமாறிய எரிபொருள்தான்.

அடுத்தது குப்பை. பல விடுதிகளின் குப்பை மாலேக்கு அருகே உள்ள திலஃபுஷிக்குப் படகில் போயிற்று. காயலாக இருந்த அந்த இடம் 1990களின் தொடக்கம் முதல் குப்பை கொட்டியே தீவாக்கப்பட்டது. ஒரு விடுதியின் அழகான கரையைப் பார்க்கும்போது, அதன் மறுபாதி வேறெங்கோ இருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள்.

பணம் போகும் வழி

இனி தொழிலின் உறுப்புகளைப் பார்ப்போம். தீவுகளுக்குச் சொந்தக்காரர் அரசு. குத்தகைப் பணம் அதற்குப் போகிறது. குத்தகை எடுப்பவர் உள்நாட்டு முதலாளியாகவோ வெளிநாட்டு நிறுவனமாகவோ இருப்பார். பல இடங்களில் விடுதியை நடத்துபவர் வேறொரு சர்வதேச ஓட்டல் நிறுவனம். பயணியைப் பிடித்து அனுப்புபவர் வெளிநாட்டுப் பயண முகவர். இவர்களுக்கு இடையில் விமான நிறுவனங்கள், படகுக்காரர்கள், நீர்மூழ்கிப் பயிற்சி நிலையங்கள், சரக்கு வணிகர்கள் இருக்கிறார்கள். விடுதித் தீவுகளைத் தவிர, பயணிகள் தங்கியபடியே கடலில் சுற்றும் சஃபாரிப் படகுகளும் உண்டு.

பயணி ஐரோப்பாவில் தன் முகவரிடம் கட்டும் பணத்தில் விமானக் கட்டணமும் முகவர் கூலியும் அங்கேயே நின்றுவிடுகின்றன. மாலத்தீவுக்கு வந்த பணத்திலும் ஒரு பகுதி உடனே வெளியேறுகிறது. அரிசி, கோழி, வெங்காயம், தக்காளி, கட்டில், கண்ணாடி, சிமெண்டு என்று ஏறக்குறைய எல்லாமே இறக்குமதி. நம் தூத்துக்குடித் தோணிகள் காய்கறியும் கட்டுமானப் பொருள்களும் ஏற்றிக்கொண்டு மாலேக்குப் போய்வருவது நெடுநாள் வழக்கம். விடுதிகளில் வேலை செய்வோரில் வங்காளதேசத்தார், இந்தியர், இலங்கையர் பலர்; அவர்கள் சம்பளத்தை ஊருக்கு அனுப்புகிறார்கள். இப்படிப் பணம் வெளியேறுவதைப் பொருளாதார அறிஞர்கள் ‘கசிவு’ என்பார்கள். ஓட்டை வாளியில் தண்ணீர் இறைப்பது போன்றது இது. எவ்வளவு ஊற்றினோம் என்பதோடு எவ்வளவு நின்றது என்பதையும் பார்க்க வேண்டும்.

நிற்கவைப்பதற்கு அரசு வரியைப் பயன்படுத்துகிறது. முன்பு படுக்கைக்கு இரவு ஒன்றுக்கு இத்தனை டாலர் என்று வரி இருந்தது. கடைசியில் அது 8 டாலராக இருந்து 2014இல் எடுக்கப்பட்டது. 2011இல் சுற்றுலாச் சரக்கு சேவை வரி 3.5 விழுக்காட்டில் தொடங்கிப் படிப்படியாக உயர்ந்து, 2025 ஜூலையில் 17 விழுக்காடாயிற்று. 2015இல் சுற்றுச்சூழலுக்கென்றே பசுமை வரி வந்தது. விடுதிகளில் தங்குபவருக்கு இரவு ஒன்றுக்கு 6 டாலராக இருந்த அது 2025இல் 12 டாலராயிற்று.

ஆனாலும் ஊர்த் தீவு மக்களுக்கு ஒரு குறை இருந்தது. கண்ணெதிரே தீவு ஒளிவிடுகிறது. தங்கள் ஊருக்கு என்ன கிடைத்தது? 2009, 2010 வாக்கில் சட்டம் மாறியது. ஊர்த் தீவுகளிலும் சிறு விருந்தினர் இல்லங்கள் நடத்தலாம் என்றார்கள். மாஃபுஷி என்ற தீவு இதில் முன்னோடி. 2023க்குள் நாட்டில் விடுதித் தீவுகள் 170க்கு மேலும், விருந்தினர் இல்லங்கள் 800க்கு மேலும் ஆயின. மீனவக் குடும்பம் தன் வீட்டு மாடியில் நான்கு அறை கட்டி வாடகைக்கு விட முடிந்தது. செலவு குறைந்ததால் நடுத்தர வருவாய்ப் பயணிகளும் வரத் தொடங்கினார்கள். ஆனால் ஊரின் கிணறும் குப்பைமேடும் இந்தப் புதிய கூட்டத்தை எண்ணி அமைந்தவை அல்லவே! பயன் பரவியபோது பாரமும் சேர்ந்தே பரவியது.

ஒரு சுறாவின் விலை

முதலைக் காப்பது இலாபமா, விற்றுவிடுவது இலாபமா? இதற்கு ஒரு நல்ல கணக்கு உண்டு. 1990களின் தொடக்கத்தில் மாலத்தீவில் ஆய்வாளர்கள் சாம்பல் நிறப் பவளப்பாறைச் சுறாவின் மதிப்பைக் கணக்கிட்டார்கள். அதைப் பிடித்து விற்றால் மீனவருக்குக் கிடைப்பது ஒரே ஒரு முறை சுமார் 32 டாலர். அதே சுறா உயிரோடு நீந்திக்கொண்டிருந்தால், அதைப் பார்க்க மூழ்குபவர்கள் கொடுக்கும் பணம் ஆண்டுக்குச் சுமார் 3,300 டாலர். நூறு மடங்கு! அதுவும் ஒவ்வோர் ஆண்டும்.

ஆனால் 32 டாலர் மீனவருடைய கைக்கு வருகிறது. 3,300 டாலர் விடுதிக்கும் மூழ்கு நிலையத்துக்கும் போகிறது. மீனவர் ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்? காப்பதால் வரும் இலாபம் காப்பவருக்கும் சேர வேண்டும் என்பதுதான் இந்தக் கணக்கின் கடினமான பகுதி. 2010இல் நாடு முழுவதும் சுறாப் பிடிப்பு தடை செய்யப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டு, திருக்கை மீன்கள் பெருங்கூட்டமாக இரை தேடி வரும் ஹனிஃபாரு விரிகுடா காப்பிடமானது. அது அமைந்துள்ள பா அட்டோலை 2011இல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாக ஏற்றது.

முதல் கரையும்போது

1987 ஏப்ரலில் பேரலைகள் மாலே நகருக்குள் புகுந்தன. பல ஆண்டுகளாகக் கட்டடத்துக்கென்று பவளக்கல்லை வெட்டியதும், ஆழமற்ற பாறைத்திட்டுகளைத் தூர்த்து நகரை விரித்ததும் இயற்கை அரணைப் பலவீனமாக்கியிருந்தன. பிறகு ஜப்பானின் உதவியோடு நகரைச் சுற்றிக் கான்கிரீட் அரண் எழுப்ப வேண்டியதாயிற்று. பவளம் கூலியில்லாமல் செய்த வேலைக்கு மனிதன் சிமெண்டு வாங்கினான்.

1998இல் வந்தது பெரிய அடி. எல் நினோ ஆண்டு அது. கடல்நீர் வழக்கமான கோடை வெப்பத்தைவிட ஒரு டிகிரி கூடிச் சில வாரம் நின்றாலே பவளத்துக்குத் தாங்காது. உள்ளே இருக்கும் பாசி வெளியேற்றப்படுகிறது. நிறம் போய்ப் பவளம் எலும்பு போல் வெளுக்கிறது. வெப்பம் விரைவில் தணிந்தால் பாசி திரும்பும். இல்லையேல் பட்டினியால் பவளம் சாகும். அவ்வாண்டு பல இடங்களில் ஆழமற்ற நீரின் பவளத்தில் பத்தில் ஒன்பது பங்கு மடிந்தது. மெல்ல மெல்லத் தளிர்த்து 2014 வாக்கில் பல பாறைகள் பழைய நிலையை எட்டின. 2016இல் மறுபடியும் வெளுத்தல். ஆராய்ந்த பவளங்களில் பாதிக்கும் மேல் வெளுத்தன. முதல் காயம் ஆற ஏறத்தாழ பதினைந்து ஆண்டு பிடித்ததை நினைத்துப் பாருங்கள். அதைவிடக் குறுகிய இடைவெளியில் வெப்ப அலைகள் வந்தால் ஆறுவதற்கு நேரம் ஏது?

2004 டிசம்பர் 26ஆம் நாள் சுனாமி மாலத்தீவில் நூறு பேருக்கு மேல் பலி கொண்டது. 2004இல் 6 இலட்சத்து 16 ஆயிரமாக இருந்த பயணிகள் எண்ணிக்கை மறு ஆண்டில் 3 இலட்சத்து 95 ஆயிரமாக விழுந்தது. 2019இல் 17 இலட்சத்தை எட்டிய தொழில், கொரோனா தொற்றால் 2020இல் ஐந்தரை இலட்சமாகச் சுருங்கியது. அவ்வாண்டு மூன்றரை மாதம் நாட்டின் கதவே பயணிகளுக்கு மூடியிருந்தது. இந்த இரண்டு வீழ்ச்சிகளிலிருந்தும் தொழில் சில ஆண்டுகளில் மீண்டது. காரணம், பயணிகள் போனாலும் முதல் அங்கேயே இருந்தது. விடுதியைத் திரும்பக் கட்டலாம். விமானத்தைத் திரும்ப வரவழைக்கலாம். பவளம் போனால் அதை எந்தக் கடையில் வாங்குவது?

விடுதியே முதலைத் தின்பதும் உண்டு. பருவக்காற்று மாறும்போது தீவைச் சுற்றியுள்ள மணல் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போய், அடுத்த பருவத்தில் திரும்பிவரும். குறுக்கே கெட்டியான படகுத்துறையோ கல் அணையோ வைத்தால் இந்த ஓட்டம் தடைப்பட்டு ஒரு பக்கம் கரை அரிக்கும். அரித்த இடத்தை நிரப்பக் காயலடியைத் தோண்டி மணல் எடுத்தால், கலங்கிய சேறு பவளத்தின்மேல் படிந்து ஒளியை மறைக்கும். இதை அறிந்த விடுதிகள் படகுத்துறையைத் தூண்களின்மேல் அமைத்து மணலுக்கு வழி விடுகின்றன. கடல் வெப்பமாவதைத் தடுப்பது மட்டும் எந்த ஒரு தீவின் கையிலும் இல்லை. உலகெங்கும் எரிக்கும் எரிபொருளில், பயணியை ஏற்றிவரும் விமானத்தின் பங்கும் அதில் சேர்ந்திருக்கிறது.

மாணவர்களே, ஒரு நாட்டுக்கு இத்தனை இலட்சம் பயணிகள் வந்தார்கள் என்று செய்தித்தாளில் படிக்கும்போது, அந்த எண்ணோடு நின்றுவிடாதீர்கள். அவர்கள் எதைப் பார்க்க வந்தார்கள், அதை யார் உண்டாக்கியது, அது வளரும் வேகம் என்ன, நாம் செலவழிக்கும் வேகம் என்ன என்று கேளுங்கள். மலை நாட்டில் அது காடாக இருக்கலாம். பனி நாட்டில் பனியாறாக இருக்கலாம். மாலத்தீவில் அது ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் உயரும் பவளம். வட்டியை உண்டு முதலைக் காக்கும் குடும்பம் தலைமுறைக்கும் வாழும் என்பது நம் வீட்டுப் பெரியவர்கள் அறிந்த கணக்கு. அந்தக் கணக்கு இப்போது ஒரு நாட்டின் முன்னால் இருக்கிறது.